சட்டிக்குள் ஒரு மலை

சேசு மரி சூசை துணை

ஸ்ரேசன் வீதி,
மன்னார்.
15.6.1955

அன்புள்ள தங்கச்சி லூசியாவுக்கு,

நேற்றுச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்தேகாலுக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், மகன் பஸ்ரியன், அடுத்த வீட்டு வஸீர், அவனைத் தேடிவந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்ட அவனுடைய தாய் றாபியா, சுவரில் திரு இருதய ஆண்டவர். வேறு ஒருவரும் இல்லை. யார் பார்த்தது, யார் பார்க்காதது என்று பிறகு ஒரு கதை எழும்பக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மடு மாதாவின் தயவில் நானும் பிள்ளையும் சுகம். உயிலங்குளத்தில் நீ, உன் வீட்டுக்காரர், பிள்ளைகள் எப்படி? சின்னவளின் காதுவலி மாறியதா? குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ரியனின் கல்லூரியில் இந்த வருஷம் மாணவருக்குக் கடேற் படை தொடங்கியிருக்கிறார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகள். புதனும் வெள்ளியும் மைதானத்தில் மரத் துவக்கோடு அணிநடை. செவ்வாயும் வியாழனும் வகுப்பறையில் பாடம்: காயத்துக்குக் கட்டுப் போடுவது, கொடியசைத்துச் செய்தி சொல்வது, தேசப்படம் வாசிப்பது. படிப்பிப்பவர் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த கொன்ஸ்ரன்ரைன் மாஸ்ரர். ஆள் பனைமரம்போல நெடுவல். ஆகஸ்ட் 20இல் இருந்து ஒரு கிழமை தியத்தலாவையில் முகாம். தேசப்படச் சோதனையில் நாற்பது புள்ளி எடுக்காதவன் ரெயிலில் ஏற முடியாது.

பஸ்ரியனுக்கு இதைத் தவிர வேறு நினைவில்லை. மே மாதம் அத்தானுக்கு எழுதிக் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: “இழுப்புக்காரப் பிள்ளையை இந்தக் குளிருக்கு அனுப்புவது கொலை. வேண்டாம்.”

பிள்ளைக்கு மூன்று வயதில் முதல் இழுப்பு வந்த நாளிலிருந்து நான் ஒரு கொப்பியில் கோடு போட்டு வருகிறேன் என்பது உனக்குத் தெரியும். மொத்தம் இருநூற்றுப் பதினொரு கோடு. கடைசிக் கோடு 1953 நவம்பர் 8. அதற்குப் பிறகு பத்தொன்பது மாதமாகப் பக்கம் வெள்ளையாகவே கிடக்கிறது. அத்தான் பண்டாரவளைக்கு மாற்றலாகிப் போனது அந்தக் கடைசிக் கோட்டுக்கு இரண்டு மாதம் கழித்து. அவர் மனதில் பிள்ளை இன்னும் மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைதான். லீவில் வந்தால் முதல் வேலையாக அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பார். கொப்பியை நீட்டினால், “கோடு மூச்சு விடுமோ?” என்பார்.

படிவத்துக்குத் தகப்பனின் கையெழுத்து வேண்டும். அத்தானுடைய பழைய ரெயில்வே பாஸைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, அதற்கு மேல் படிவத்தை வைத்து, அவருடைய இங்கிலீஷ் கையெழுத்தை நான் இழுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்துகள் அவ்வளவும் அந்தக் கையெழுத்துக்குள்தான் இருக்கின்றன. றாபியா எட்டிப் பார்த்து, “பெற்றிசியாக்கா, அவர் போடுறதவிட இது வடிவாக் கிடக்கு” என்றாள். வஸீர் சிரித்தான். பஸ்ரியன் சிரிக்கவில்லை. “அப்பாக்கு எழுதுவீங்களோம்மா?” என்று மட்டும் கேட்டான்.

அத்தானுக்கு நான் பொய் எழுத மாட்டேன். எழுதாமல் விடுவதும் பொய்க்குள் அடங்குமா என்று பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் கேட்க வேண்டும். முகாம் முடிந்த பிறகு கேட்கலாம் என்று இருக்கிறேன்.

உன் அக்கா,
பெற்றிசியா


உயிலங்குளம்.
21.6.1955

அன்புள்ள அக்கா,

சர்வேசுரன் புண்ணியத்தில் எல்லோரும் நலம். சின்னவளின் காது சுகம். இப்போது அவள் போடுகிற சத்தத்தில் எங்களுக்குத்தான் காதுவலி. குளத்தில் அரைவாசித் தண்ணீர்.

சின்ன வயதில் ஒரு துண்டு பனங்கட்டி எடுத்ததற்கு என்னைச் சுவாமியிடம் இழுத்துக்கொண்டு போனவ நீங்கள். இன்றைக்குச் சன்னலில் வைத்துக் கையெழுத்து இழுக்கிறீர்களா? கடிதத்தை என் மனுசனுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்கே இழுப்பு வந்துவிட்டது.

ஒன்றைமட்டும் சொல்கிறேன். அத்தான் கோபித்தால் ஏசுகிற ஆள் இல்லை, பேசாமல் விடுகிற ஆள். கேட்காமல் சைக்கிளை எடுத்ததற்கு என் மனுசனோடு ஒன்பது மாதம் வாய் திறக்காதவர். அது சைக்கிள். இது பிள்ளை.

பஸ்ரியனின் சோதனைக்கு இங்கே நாங்களும் செபிக்கிறோம்.

உங்கள் தங்கச்சி,
லூசியா


சேசு மரி சூசை துணை

மன்னார்.
30.6.1955

என் அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் செபமாலையில் ஒரு மணி அதிகம் உருட்டுகிறேன். கம்பளிச் சட்டையின் முழங்கை கிழிந்துவிட்டதென்று எழுதியிருந்தீர்கள். ஒட்டுப் போடச் சாம்பல் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். பாலப்பக்கம் காற்றுப் பலமாக அடிக்கிறது. கருவாடு நன்றாகக் காய்கிறது. பிள்ளைக்கு இழுப்பு இல்லை. கொப்பி வெள்ளை.

உங்களிடம் சில விஷயம் கேட்க வேண்டும். நான் பிறந்த தாழ்வுபாட்டிலும் மலை இல்லை, வாழ்க்கைப்பட்ட மன்னாரிலும் மலை இல்லை. மலை என்பது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சரிவா, அல்லது ஒரு பக்கம் செங்குத்தாகவும் ஒரு பக்கம் பாய் விரித்ததுபோலவும் இருக்குமா? அதன்மேல் நிற்கிறவனுக்குத் தான் மலையில் நிற்பது தெரியுமா? அவ்வளவு பெரிய சாமானைத் தட்டையான கடதாசியில் எப்படிக் கீறுகிறார்கள்?

பிள்ளையின் பாடத்தில் இது வருகிறது. அவனுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. நீங்கள் மலைக்குள்ளேயே இருக்கிறவர், சொன்னால் சரியாக இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கோ.

என்றும் உங்கள்,
பெற்றிசியா


பண்டாரவளை.
8.7.1955

அன்புள்ள பெற்றிசியாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. நான் சுகம். இருமல் கொஞ்சம் இருந்தது, போய்விட்டது.

பதினேழு வருஷத்தில் நீர் என்னிடம் கேட்ட கேள்வி அரிசி வந்ததா, உடுப்புத் தோய்த்ததா என்ற வகைதான். இப்போது மலையைப் பற்றிக் கேட்கிறீர். சிக்னல் கபினில் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். லீவரை இழுக்கிற நேரம்கூட அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. இங்கே தண்டவாளப் பக்கத்தில் ஏற்றத்தை எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். நாற்பத்து நாலு அடி போனால் ஒரு அடி ஏற்றம். அதற்கே இயந்திரம் கிழவன்போல மூச்சு வாங்கும். மனிதன் ஏறுகிற பக்கங்கள் அதைவிட மோசம். மேலே நிற்கிறவனுக்கு மலையில் நிற்பது தெரியுமா என்று கேட்டீர். முழங்காலுக்குத் தெரியும். பனிப்புகார் மூடினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

கடதாசியில் கீறுவது வளையம் வளையமாக. ஒரே உயரத்தில் உள்ள இடங்களைத் தொட்டுக்கொண்டு போகிற கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு. எங்கள் ஸ்ரேசன் மாஸ்ரரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடேற் கதையைப் பிள்ளை விட்டுவிட்டது நல்ல காலம். நேற்று விடிய இங்கே புல்லு நுனியெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தது. அவனை நினைத்தேன். உமது சொல்லை நம்பித்தான் நான் இவ்வளவு தூரத்தில் நிம்மதியாய்ப் படுக்கிறேன்.

அன்புடன்,
அருட்பிரகாசம்


சேசு மரி சூசை துணை

மன்னார்.
19.7.1955

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். நீங்களும் சுகமாயிருக்கச் செபிக்கிறேன். அத்தானின் கடைசிக் கடிதம் என் செபப்புத்தகத்துக்குள் இருக்கிறது. அதன் கடைசி வரியை நான் வாசிப்பதில்லை. வளையம் பற்றிய பகுதியை மட்டும் வாசிக்கிறேன்.

முதற் சோதனையில் பஸ்ரியனின் பிரிவில் ஆறு பேரும் கவிழ்ந்தார்கள். வஸீருக்கு ஒன்பது, எங்களுடையதற்குப் பதினொன்று. மாஸ்ரர் கரும்பலகையில் வளையத்துக்குள் வளையமாகக் கீறி இதுதான் மலை என்றாராம். “சேர், இது புழுத் திண்ட இலை” என்றானாம் வஸீர். “ஏன்ரா, பனையில ஏறத் தெரிஞ்ச உனக்கு மலையில ஏறத் தெரியாதோ?” என்றாராம் மாஸ்ரர். “பனை நட்டுக்கு நிக்குது சேர். இது படுத்தெல்லோ கிடக்கு.” மாஸ்ரர் சோக்கட்டியை வைத்துவிட்டு யன்னலால் வெளியே பார்த்தாராம். பார்த்து என்ன, வெளியே ஒரு முழ உயரத்துக்கு மண்மேடுகூட இல்லை. மறுசோதனைக்குப் பத்து நாள் கொடுத்திருக்கிறார்.

போன சனிக்கிழமை காலை என் குசினியில் இருந்தவர்கள்: அந்த ஆறு பேர், நான், அடுப்பில் உலை. பஸ்ரியனின் பாடக் கொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வளையங்கள், நடுவுக்குப் போகப் போக எண் கூடுகிறது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் அப்பா ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, “இஞ்ச ரெண்டு பாகம், இஞ்ச மூண்டு பாகம்” என்று எண்ணுவாரே, நினைவிருக்கிறதா? கரையைச் சுற்றி ஒரு பாகம், அதற்கு உள்ளே இரண்டு, நடுவில் பெரிய எண்.

பெரிய மீன்சட்டியை எடுத்து, விளிம்புவரை தண்ணீர் விட்டேன். ஒரு பேணி தண்ணீரை அள்ளிவிட்டு, தண்ணீர் நின்ற மட்டத்தில் சட்டியின் உட்பக்கத்தில் ஆணியால் சுற்றிக் கீறினேன். இன்னொரு பேணி அள்ளி இன்னொரு கோடு. அப்படி ஐந்து கோடு. விளிம்பிலிருந்து உள்ளே ஒன்று, இரண்டு என்று எண் போட்டேன். பிறகு ஆறு பேரையும் சட்டிக்குமேல் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

வஸீர்தான் முதலில், “மாமி, சட்டி செங்குத்தா இருக்கிற இடத்தில கோடு நெருங்கிக் கிடக்கு” என்றான். “அடியில தட்டையா இருக்கிற இடத்தில விலகிக் கிடக்கு” என்றான் பஸ்ரியன். கொப்பியைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். கோட்டுக்குக் கோடு, எண்ணுக்கு எண் அப்படியே பொருந்தியது. அத்தான் எழுதியதும் அதேதான். நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு.

தங்கச்சி, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. உலை பொங்கி அடுப்பு நூர்ந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தச் சட்டியில் இனி மீன் காய்ச்ச மாட்டேன்.

உன் அக்கா,
பெற்றிசியா


பண்டாரவளை.
28.7.1955

அன்புள்ள பெற்றிசியாவுக்கு,

நான் நலம். மூன்று கிழமையாக உமது கடிதம் இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே?

ஒரு நல்ல செய்தி. பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன், கிடைக்கும்போல இருக்கிறது. ஆகஸ்ட் 21 ஞாயிற்றுக்கிழமை காலை ரெயிலில் வருவேன். பஸ்ரியனுக்குச் சொல்ல வேண்டாம், திடீரென்று வந்து நிற்க வேண்டும். அவனோடு தாழ்வுபாட்டுக் கரையில் குளிக்க வேண்டும் என்று ஆசையாய் இருக்கிறது.

அன்புடன்,
அருட்பிரகாசம்


சேசு மரி சூசை துணை

மன்னார்.
3.8.1955

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நல்லதை முதலில் எழுதுகிறேன். ஆறு பேரும் பாஸ். வஸீர் அறுபத்தொன்று, பஸ்ரியன் ஐம்பத்தெட்டு. கொன்ஸ்ரன்ரைன் மாஸ்ரர் என்னைக் கோயில் வாசலில் கண்டு தொப்பியைக் கழற்றினார். “அக்கா, உங்கட சட்டியை எனக்கு ஒருக்கா இரவல் தருவீங்களோ?” என்று கேட்டார். றாபியா பிள்ளைகள் எல்லோருக்கும் வட்டிலப்பம் அவித்துக் கொடுத்தாள். காக்கிக் காற்சட்டைக்கு நான் ஸ்திரிப்பெட்டி போட்ட போட்டில் அதன் மடிப்பால் மாம்பழம் வெட்டலாம்.

இனி மற்றது. பிள்ளை ஆகஸ்ட் 20 சனிக்கிழமை தியத்தலாவைக்குப் புறப்படுகிறான். அத்தான் 21 ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து இறங்குகிறார். ஒன்று போகிற தண்டவாளத்தில் மற்றது வருகிறது. வழியில் எங்கேயோ இரண்டு ரெயிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தகப்பன் இந்தப் பெட்டியில், மகன் அந்தப் பெட்டியில்.

இரண்டு நாளாக அத்தானுக்குக் கடிதம் எழுதிக் கிழிக்கிறேன். பிள்ளை சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு பாடுகிறான். நான் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மடுவுக்கு 14ஆம் திகதி வருகிறாய்தானே? அங்கே என்னைத் தேடிப் பிடி.

உன் அக்கா,
பெற்றிசியா


சேசு மரி சூசை துணை

மன்னார்.
16.8.1955

என் அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று மடுவில் பெருநாள் பூசை கண்டு இரவு வீடு வந்தோம். நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் சுகமாயிருக்க மாதாவின் காலடியில் மெழுகுதிரி வைத்தேன்.

மரத்தடியில் லூசியா என்னிடம் சொன்னாள்: “அக்கா, மாதாவுக்கு முன்னால முழங்காலில நிண்டு அழுது என்ன? அவவுக்குத் தெரியும். தெரியாத ஆளுக்கு எழுதுங்கோ.” ஆகவே எழுதுகிறேன்.

பஸ்ரியன் கடேற் படையில் இருக்கிறான். படிவத்தில் உங்கள் கையெழுத்தை நான்தான் போட்டேன், யூன் 14ஆம் திகதி. அவன் என்னிடம் கெஞ்சவில்லை, அவனில் பிழை இல்லை. மலையைப் பற்றி உங்களிடம் கேட்டதும் அதற்காகத்தான். நீங்கள் எழுதிய பதிலால்தான் அவன் சோதனை பாஸ் பண்ணினான். வருகிற சனிக்கிழமை தியத்தலாவைக்குப் போகிறான். நீங்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கம்.

கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன். 1951இல் நாற்பத்தாறு கோடு. 1952இல் இருபத்தெட்டு. 1953இல் ஒன்பது. 1954இல் இல்லை. இந்த வருஷம் இல்லை. அணிநடை பழகியது பதினெட்டு நாள். மழையில் நனைந்தது இரண்டு தரம். கோடு இல்லை. அத்தான், கோடு மூச்சு விடாது என்பீர்கள். கோடு இல்லாத இடத்தில் மூச்சு விடுகிறது உங்கள் பிள்ளை.

உங்களுக்குச் சொல்லாமல் செய்தது பிழை. அதற்கு நான் கணக்குச் சொல்ல மாட்டேன். அவன் போகக் கூடாதென்றால் ஒரு தந்தி அடியுங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் தபால் கந்தோர் பூட்டும்வரை பார்த்திருப்பேன். வந்தால் நானே அவனுக்குச் சொல்லி, அவன் உடுப்பை அலுமாரியில் வைப்பேன்.

என்றும் உங்கள்,
பெற்றிசியா


மன்னார்.
23.8.1955

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். தந்தி வரவில்லை. வெள்ளிக்கிழமை நாலரை மணிவரை தபால் கந்தோர் வாசலில் நின்றேன். சனிக்கிழமை பிள்ளை போனான். றாபியாவும் நானும் மேடையில் நின்று கைகாட்டினோம். முப்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் சலூட் அடித்தார்கள். றாபியா பதிலுக்குச் சலூட் அடித்தாள், இடதுகையால்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரெயிலுக்குப் போனேன். அத்தான் வரவில்லை. திங்கட்கிழமையும் போனேன். கடிதமும் இல்லை. நீ சொன்ன ஒன்பது மாதத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு மூன்றாம் நாள்.

கொப்பியை எடுத்து வைத்திருக்கிறேன், பிள்ளை வந்ததும் கேட்டு எழுத.

உன் அக்கா,
பெற்றிசியா


பண்டாரவளை.
25.8.1955

அன்புள்ள பெற்றிசியாவுக்கு,

உமது கடிதம் 17ஆம் திகதியே கிடைத்தது. வாசித்தவுடன் “அனுப்பாதே” என்று தந்தி எழுதினேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். ஸ்ரேசன் மாஸ்ரரிடம் கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. லீவையும் வேண்டாம் என்றேன். பிள்ளை இல்லாத வீட்டுக்கு வந்து உம்மோடு பேசாமல் இருப்பதைவிட இங்கேயே பேசாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். தியத்தலாவை கூப்பிடு தூரம். அங்கேயும் போகவில்லை. அவ்வளவு கோபம்.

நேற்றுப் புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு நல்ல புகார். கபினுக்கு வெளியே நின்று கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பள்ளத்துத் தேயிலைக்குள்ளிருந்து ஒருவர்பின் ஒருவராக ஆறு காக்கிச் சட்டை தண்டவாளத்துக்கு ஏறியது. முழங்கால்வரை சேறு. முன்னால் வந்தவன் எனக்குச் சலூட் அடித்து, “ஐயா, இதுதானே மலை உச்சி?” என்று தமிழில் கேட்டான்.

“உச்சியில ரெயிலோடா ஓடும்?” என்றேன்.

“படத்தில பெரிய நம்பர் இஞ்சதான் ஐயா. நம்பர் கூடக் கூட ஆழம். ஆழமான இடத்துக்கு வந்திட்டம். கொடியைத்தான் காணேல்ல.”

அவன் வஸீர் என்பது பிறகுதான் தெரிந்தது, தொப்பியில் அடையாளம் பிடிபடவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவன் படத்தைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்கு விரற்கடை வளர்ந்திருக்கிறான்.

நான் முதலில் என்ன செய்தேன் என்று உமக்குத் தெரியும். குனிந்து அவன் நெஞ்சில் காதை வைத்தேன். சரிவில் உருண்டு பிரண்டு இரண்டு மணித்தியாலம் நடந்து வந்திருக்கிறான். விசில் சத்தம் இல்லை. சுத்தமாக இருந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். “அப்பா, போதும், பாக்கிறாங்கள்” என்றான்.

கதை இதுதான். உச்சியில் நட்ட கொடியை எடுத்து வரச் சொல்லி ஒவ்வொரு பிரிவையும் பாதி மலையில் ஒவ்வோர் இடத்தில் விட்டிருக்கிறார்கள். கொம்பாஸ் ஒன்றே ஒன்று, அது வேறு பிரிவிடம். புகாரில் மேலும் தெரியவில்லை, கீழும் தெரியவில்லை. கொழும்புப் பிள்ளைகள் எல்லாம் மேலே ஏற, உமது படை பெரிய எண்ணைத் தேடிக் கீழே கீழே இறங்கியிருக்கிறது. ஆர் இப்படிச் சொல்லித் தந்தது என்று கேட்டேன். ஆறு பேரும் காலைப் பார்த்தார்கள். “அம்மாட சட்டி” என்றான் பஸ்ரியன்.

அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிந்ததும் ஒரு கோப்பையை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஆறு பேரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். “ஐயோ” என்றான் வஸீர். அவ்வளவுதான். விளங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. உம்மோடு கோபம் என்பதை நான் மறந்துவிட்டேன் என்பது சிரித்து முடிந்த பிறகுதான் தெரிந்தது.

பத்தரைக்கு மற்ற ஆள் வேலைக்கு வந்தான். நானே அவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். பிள்ளை முன்னால் ஏறினான். முக்கால்வாசியில் நான் ஒரு கல்லில் இருந்துவிட்டேன். அவன் திரும்பி இறங்கி வந்தான். பெற்றிசியா, உமது பிள்ளை குனிந்து என் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தான். “அப்பா, உங்களுக்குத்தான் இழுக்குது” என்றான்.

உச்சிக்குப் போனபோது புகார் விலகிவிட்டது. கொடியை யாரோ எப்போதோ எடுத்துவிட்டார்கள். நெடுவல் மாஸ்ரர் ஒருவர் அங்கே எங்களைத் தேடிக்கொண்டு நின்றார். ஆறு பேரையும் எண்ணிப் பார்த்தபிறகுதான் ஏசினார்.

சட்டியைக் கவிழ்த்துப் பாரும். உமது கொப்பியில் என் பெயரில் ஒரு கோடு போடும், ஆகஸ்ட் 24.

இந்த மலையை நீர் வந்து பார்க்க வேண்டும். டிசம்பரில் குடும்பப் பாஸ் எடுக்கலாம். வருவீரா?

அன்புடன்,
அருட்பிரகாசம்


சேசு மரி சூசை துணை

மன்னார்.
30.8.1955

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரம் வீட்டில் இருந்தவர்கள்: நான், பஸ்ரியன், றாபியா, வஸீர். நான் சத்தமாக வாசித்தேன். சட்டி வருகிற இடத்தில் நிறுத்தினேன். எழும்பிப் போய்க் குசினியிலிருந்து அதை எடுத்துவந்து எல்லோருக்கும் முன்னால் கவிழ்த்து வைத்தேன். அடிச்சட்டியில் பதினேழு வருஷக் கரி. “மலைதான் மாமி, மழைமுகில் மூடினது” என்றான் வஸீர். றாபியா அவன் தலையில் குட்டினாள்.

அத்தான், என் வாழ்நாளில் உயரம் என்ற ஒன்றை நான் நினைத்ததே இல்லை. எனக்குத் தெரிந்தது ஆழம் மட்டும்தான். நல்லது என்று நினைத்து ஆறு பிள்ளைகளையும் பள்ளத்துக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் பள்ளத்தில் நீங்கள் நின்றீர்கள். மாதா பிழையையும் வீணாக்குகிறவ இல்லை.

பிள்ளைகள் சனிக்கிழமை சுகமாக வந்து சேர்ந்தார்கள். தேசப்படத்தில் கடைசி இடம். கூடாரம் ஒழுங்காக வைத்திருந்ததில் முதலிடம், அதற்கு ஒரு கேடயம் கொடுத்திருக்கிறார்கள். பாய் உதறி மடிக்கிறதும் பெட்டி அடுக்குகிறதும் இந்த வீட்டில் பழகியது. எட்டு நாள் அந்தக் குளிரில் இருந்தும் கொப்பியில் பஸ்ரியன் பக்கம் வெள்ளை. உங்களுக்கு ஒரு புதுப் பக்கம் திறந்து, ஆகஸ்ட் 24 என்று எழுதி ஒரு கோடு போட்டிருக்கிறேன். இரண்டாவது கோடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கோ. சாம்பல் துண்டையும் இதோடு அனுப்புகிறேன், முழங்கைக்கு.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எழுதாமல் விட்டதும் பொய்க்குள்தான் அடங்குமாம். ஒரு செபமாலையும், கையெழுத்து விஷயத்தை மாஸ்ரரிடம் நேரில் சொல்வதும் அபராதம். செபமாலை இலேசு. மாஸ்ரரிடம் போய் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் பழைய படிவத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அக்கா, தேசப்படம் கீறவும் உங்களைக் கூப்பிட்டிருக்கலாம்” என்றார். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெறும் படிவம் ஒன்று தந்தார், அடுத்த வருஷத்துக்கு.

அதை இதோடு வைத்திருக்கிறேன். பிள்ளையின் பெயரும் வயதும் விலாசமும் நான் எழுதியிருக்கிறேன். தகப்பன் கையெழுத்து என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. இடம் பிழைக்காதபடிக்குப் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன். போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். விட்டாலும் நான் சன்னல் பக்கம் போக மாட்டேன்.

டிசம்பரில் வருவேன். மலைக்கு எந்தச் செருப்புச் சரி என்று எழுதுங்கோ. கருவாடு எவ்வளவு கட்டுவது, உங்கள் ஸ்ரேசன் மாஸ்ரருக்கும் சேர்த்தா என்றும் எழுதுங்கோ.

படிவத்தை மாஸ்ரர் செப்டெம்பர் 10ஆம் திகதிக்குள் கேட்கிறார். பிள்ளை தினமும் தபால்காரனுக்குச் சலூட் அடிக்கிறான். சுணங்காமல் பதில் போடுங்கோ.

என்றும் உங்கள்,
பெற்றிசியா